கணிப்பொறிக்கும் ஒரு குடிமராமத்து

நான் கணிப்பொறிப் பொறியாளன் அல்லன். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். பிறந்தது நாகர்கோவில் வடசேரி. குடியிருப்பது திருவனந்தபுரம் கரமனை. இப்படிப்பட்ட நான் ஒரு கணிப்பொறி இயங்குதளத்தின் ஆக்கத்தில் பங்கு கொண்டேன் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "உமக்கு அதிலே என்ன வேலை ஓய்?" என்று கேட்ட நண்பர் ஒருவருக்குச் சொன்ன பதிலையே சற்று விரிவாக எழுதினால் பிறருக்கும் பயன்படலாம் என்று தோன்றியது. அதுவே இக்கட்டுரை.

என் பங்கு மிகச் சிறியது. ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லைத் திருத்த ஐந்து மாதங்கள் ஆயின. அது ஏன் திருத்தப்பட வேண்டிய சொல்லாயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் படங்கள்

என் அக்கா வடசேரியில் தனியாக இருக்கிறாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆங்கிலம் தெரியாது, தமிழ் நன்றாக வாசிப்பாள். 2023 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், என்னிடம் சும்மா கிடந்த பழைய மடிக்கணினி ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். அதில் இருந்த இயங்குதளம் காலாவதியாகி, புதிதாக வாங்கிப் போடக் கடைக்காரர் கேட்ட தொகை அந்தப் பெட்டியின் மதிப்பைவிட அதிகமாக இருந்தது. இங்கே பொறியியல் கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகள்தான், "பெரியப்பா, டெபியன் போட்டுத் தருகிறேன். காசு கிடையாது. பெரிய அத்தைக்குத் தமிழிலேயே வரும்" என்றாள். அப்படியே போட்டுக் கொடுத்தாள். திரையில் எல்லாம் தமிழில் வந்தன. அக்காவுக்கு மகிழ்ச்சி, அதைவிட எனக்குப் பெருமை.

கார்த்திகை மாதம் அது நடந்தது. காலமாகிவிட்ட எங்கள் அத்தான் பயன்படுத்திய புகைப்படக் கருவியில் ஒரு சிறிய நினைவட்டை இருந்தது. சுசீந்திரம் தேரோட்டத்தன்று எடுத்தவை, பேரன் பிறந்தபோது எடுத்தவை என்று நிறையப் படங்கள் அதில் இருந்தன. அக்கா அந்த அட்டையைக் கணினியில் செருகி, பிடித்த இருபது படங்களைத் தேர்ந்தெடுத்துக் கணினிக்கு மாற்றினாள். உடனே படங்களைக் கையாளும் அந்தச் சிறு செயலி ஒரு கேள்வி கேட்டது: தேர்ந்தெடுக்காத படங்களை என்ன செய்ய வேண்டும்? கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று "வைத்துக்கொள்". மற்றொன்று "விட்டுவிடு".

நீங்களாக இருந்தால் எதை அழுத்துவீர்கள்? அக்கா "விட்டுவிடு" என்பதை அழுத்தினாள். அட்டையில் இருந்த மீதி நாற்பத்தொரு படங்களும் அழிந்தன.

தொலைபேசியில் அவள் அழவில்லை. "தம்பி, அதை அங்கேயே விட்டுவிடுன்னுதானே நான் சொன்னேன்?" என்று மட்டும் கேட்டாள். தமிழில் அவள் சொன்னது சரி. செயலி புரிந்துகொண்டதுதான் வேறு. அந்தப் பெட்டியைத் தமிழில் மாற்றிக் கொடுத்தவன் நான் என்பது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

இந்த இடத்தில் ஒரு பயனுள்ள செய்தி. நினைவட்டையில் ஒரு படத்தை அழித்தால் உண்மையில் அழிவது அட்டவணையில் உள்ள அதன் பதிவு மட்டுமே. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை படம் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். ஆகவே தவறுதலாக அழிந்தால் அட்டையை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். புதிதாக ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. தம்பி மகள் 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருளைக் கொண்டு முப்பத்து மூன்று படங்களை மீட்டுக் கொடுத்தாள். எட்டுப் படங்கள் போனவை போனவைதாம்.

"இதைக் கேட்பார் யாருமில்லையா?" என்று கோபமாகக் கேட்டேன். "இருக்கிறார்கள் பெரியப்பா. ஆனால் கேட்பதற்கு மட்டுமல்ல, திருத்துவதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. நீங்களே திருத்துங்கள்" என்றாள். அங்கே தொடங்கியது என் பாடம்.

இது யாருடைய சொத்து?

இயங்குதளம் என்பது கல்யாண வீட்டில் கலவறைப் பொறுப்பாளரைப் போன்றது. சமைப்பவர் வேறு, பரிமாறுபவர் வேறு. ஆனால் அரிசி எவ்வளவு, பாத்திரம் யாருக்கு, அடுப்பு எப்போது யாருக்கு என்று பகிர்ந்து கொடுப்பவர் அவர். அவர் இல்லாவிட்டால் பந்தி நடக்காது. கணிப்பொறியில் விசைப்பலகை, திரை, நினைவகம் ஆகியவற்றைச் செயலிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது இயங்குதளத்தின் வேலை.

பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் மென்பொருளின் மூல நிரலை, அதாவது செய்முறையை, வெளியே காட்டுவதில்லை. 1983 செப்டம்பரில் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் இதற்கு மாறாக, யாரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய இயங்குதளம் ஒன்றை உருவாக்கப் போவதாக அறிவித்தார். அதன் பெயர் க்னூ. பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் தாம் எழுதிவந்த கருநிரலைப் பற்றி அறிவித்தார். அதுவே லினக்ஸ். இரண்டும் சேர்ந்து முழுமையான இயங்குதளம் ஆயிற்று. இவற்றோடு ஆயிரக்கணக்கான செயலிகளைச் சோதித்துத் தொகுத்து வழங்கும் அமைப்புகளில் மூத்தவற்றுள் ஒன்று டெபியன். 1993 ஆகஸ்டு 16 ஆம் நாள் இயன் மர்டாக் என்பவர் தொடங்கியது. தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து இப்பெயரை வைத்தார்.

டெபியனுக்கு முதலாளி கிடையாது. ஆயிரம் பேர் அளவிலான அங்கீகரிக்கப்பட்ட உறுப்பினர்களும் அவர்களுக்கு அப்பால் எண்ணற்ற தன்னார்வலர்களும் உலகெங்கும் இருந்து இதைப் பராமரிக்கிறார்கள். 2025 ஆகஸ்டு 9 ஆம் நாள் வெளிவந்த அதன் பதின்மூன்றாம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 தொகுப்புகள் உள்ளன.

இதை முதலில் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. சம்பளம் இல்லாமல் யார் செய்வார்கள்? பிறகு நினைவுக்கு வந்தது நம் ஊர்க் குடிமராமத்து. மழைக்கு முன்னால் குளத்தைத் தூர்வாரவும் கரையை உயர்த்தவும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும் என்ற பழைய ஏற்பாடு. யாருக்கும் கூலி இல்லை. ஆனால் தண்ணீர் எல்லோர் வயலுக்கும் வரும். போகாத வீட்டுக்காரர் வயலுக்கும் வரும்; அதையும் யாரும் தடுப்பதில்லை. ஆனால் யாருமே போகாவிட்டால் குளம் தூர்ந்துவிடும். இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

நம் ஊருக்கும் இதற்கும் உள்ள தொடர்பு

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இது அயல்நாட்டுச் சங்கதி அன்று. 2001 ஜூலையில் ஸ்டால்மன் நேரில் வந்து கலந்துகொள்ள, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை தொடங்கப்பட்டது இந்த நகரத்தில்தான். கேரள அரசு இதற்கென்றே ஐ.சி.ஃபாஸ் என்ற நிறுவனத்தைத் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்துகிறது. 2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2017இல் 'கைட்' என்ற நிறுவனமாயிற்று. அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கற்பது லினக்ஸ் வகை இயங்குதளத்தில்தான். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளில் இதைப் பயன்படுத்துவதால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகிறது என்று 2019இல் கைட் கூறியது. கேரளத்தில் தமிழ் வழியில் படிக்கும் நம் பிள்ளைகளும் அதே கணிப்பொறிகளில்தான் கற்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

மலையாள நண்பர்கள் இதில் முன்னோடிகள். 'சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்ற தன்னார்வலர் குழு 2002 முதல் மலையாள எழுத்துருக்கள், மொழிபெயர்ப்புகள் எனத் தொடர்ந்து உழைத்து வருகிறது. 2023 செப்டம்பர் 10 முதல் 17 வரை டெபியனின் உலக மாநாடு இந்தியாவில் முதன்முறையாகக் கொச்சியில் நடந்தது. 35 நாடுகளைச் சேர்ந்த நானூறுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். தொண்டராகப் போய்வந்த என் தம்பி மகள் சொன்ன ஒரு செய்தி என்னை யோசிக்க வைத்தது. அங்கே வந்த பலர், "உங்கள் மொழியில் என்ன குறை கண்டீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார்களாம். குறை சொல்பவரை வரவேற்கும் கூட்டத்தை என் அலுவலக வாழ்வில் நான் கண்டதில்லை.

முதல் படி: பயன்படுத்துவது

பங்களிக்க விரும்புபவர் முதலில் செய்ய வேண்டியது அதைப் பயன்படுத்துவதே. பயன்படுத்தாதவருக்குக் குறை தெரியாது. உங்கள் கணிப்பொறியில் இருப்பதை அழித்துவிட்டு இதைப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் டெபியனின் 'லைவ்' வடிவத்தைப் பதிந்து, அதிலிருந்தே கணிப்பொறியை இயக்கிப் பார்க்கலாம். வன்தட்டில் நிறுவும்படி நீங்களே சொல்லாத வரை அதில் உள்ளவை அப்படியே இருக்கும். பிடித்திருந்தால் நிறுவலாம். நிறுவும் முன் உங்கள் கோப்புகளுக்குத் தனியாக ஒரு படி எடுத்து வையுங்கள். அக்கா கதையைப் படித்த பிறகு இதை வற்புறுத்த வேண்டியதில்லை.

நிறுவும்போது மொழிப் பட்டியலில் 'தமிழ்' இருக்கும். ஆனால் எழுத்து மட்டுமே தெரியும் பழைய வகைத் திரையில் அதைத் தேடாதீர்கள். கொம்பும் காலும் சேர்ந்து வரும் நம் எழுத்துகளை அது காட்டாது. 'கிராஃபிகல்' என்ற படவகை நிறுவலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தட்டச்சுக்குத் தமிழ் 99 விசைப்பலகையும் கிடைக்கும்.

இரண்டாம் படி: குறையை முறையாகச் சொல்வது

என் முதல் கடிதத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. "உங்கள் தமிழ் மிகவும் மோசம். இதனால் பெரும் இழப்பு ஏற்பட்டது. உடனே நடவடிக்கை எடுக்கவும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. பணிவாகவே இருந்தது. இழப்புக்கு வருந்துவதாகச் சொல்லி நான்கு கேள்விகள் கேட்டிருந்தார்கள்: எந்தச் செயலி, எந்தப் பதிப்பு? என்னென்ன செய்தபோது இது வந்தது? திரையில் என்ன தெரிந்தது? என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கணக்குப் பிரிவில் "தொகை பொருந்தவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பிய கோப்புகளை எத்தனை முறை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்! எந்தப் பக்கம், எந்த வரி, எந்தத் தேதி என்று கேட்பேன். அதே பாடம் எனக்குத் திரும்பி வந்தது.

டெபியனில் இதற்கென்றே 'ரிப்போர்ட்பக்' என்ற கருவி உள்ளது. செயலியின் பெயரைச் சொன்னால் பதிப்பு எண் முதலிய விவரங்களை அதுவே சேர்த்துக்கொள்ளும். நாம் நடந்ததை எழுத வேண்டும். ஒவ்வொரு முறையீட்டுக்கும் ஓர் எண் கிடைக்கும். இந்த எண்கள் 2021இல் பத்து லட்சத்தைத் தாண்டின. எழுதும் முன் அதே குறையை வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது மரியாதை. இன்னொன்று: இவையெல்லாம் உலகமே பார்க்கக் கூடிய பதிவேடுகள். உங்கள் மின்னஞ்சல் முகவரியும் அதில் தெரியும். ஆகவே இதற்கென்று தனி முகவரி வைத்துக்கொள்வது நல்லது.

ஆங்கிலம் நன்றாக வராதே என்று தயங்குகிறீர்களா? நாம் அலுவலகத்தில் எழுதிய ஆங்கிலம் போதும். சிறு சிறு வாக்கியங்கள். வரிசை எண்ணிட்ட படிகள். எதிரில் இருப்பவர்களிலும் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று.

நான் மறுபடி எழுதினேன். இந்த முறை நான்கு கேள்விகளுக்கும் விடை இருந்தது, கோபம் இல்லை. அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. டெபியனில் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு பராமரிப்பாளர் உண்டு. ஆனால் செயலியை எழுதியவர் வேறொருவர். வாய்க்கால் பாசனத்தில் தலைமடை, கடைமடை என்போமே, அதே போல. செயலியின் ஆசிரியர் தலைமடை, டெபியன் இடைமடை, அக்காவின் மடிக்கணினி கடைமடை. சொல்லைத் தலைமடையில் திருத்தினால்தான் எல்லா வயல்களுக்கும் நல்ல தண்ணீர் பாயும். பராமரிப்பாளர் என் முறையீட்டைத் தலைமடைக்கு அனுப்பி, வழியையும் காட்டினார்.

மூன்றாம் படி: மொழிபெயர்ப்பு

செயலிகளின் மொழிபெயர்ப்பு 'பி.ஓ. கோப்பு' என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கிறது. திறந்து பார்த்தால் வரவு செலவுப் பேரேடு போலவே இருக்கும். ஒரு வரியில் ஆங்கில மூலம். அடுத்த வரியில் தமிழ். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பல செயலிகளுக்கு இதை இணைய உலாவியிலேயே செய்யும் வசதியும் உண்டு.

அந்தக் கோப்பின் தலைப்பில் கடைசியாகத் தொட்டவர் பெயரும் தேதியும் இருந்தன. தேதி 2009. பதினான்கு ஆண்டுகளாகத் தமிழர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அதைக் கண்டதும் என் கோபத்தின் திசை மாறிவிட்டது.

"விட்டுவிடு" என்ற சொல்லை அழித்து "அழித்துவிடு" என்று மாற்றி அனுப்பினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். திரும்பி வந்தது. காரணத்தைக் கேளுங்கள். அதே ஆங்கிலச் சொல் அந்தச் செயலியில் இரண்டு இடங்களில் வருகிறது. ஓர் இடத்தில், படத்தில் செய்த மாற்றங்களைச் சேமிக்காமல் வெளியேறும்போது கேட்கிறது. அங்கே 'மாற்றங்களை விட்டுவிடு' என்பது சரியான தமிழ். அங்கே "அழித்துவிடு" என்று வந்தால் படத்தையே அழிக்கப் போகிறதோ என்று பயம் வரும். மற்றோர் இடம்தான் அக்கா கண்டது. ஒரே ஆங்கிலச் சொல்லாக இருப்பதால் கோப்பில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிவுதான். ஓரிடத்தைத் திருத்தினால் மற்ற இடம் கெடும்.

அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளரை நான் மனத்துக்குள் எவ்வளவோ திட்டியிருந்தேன். அவர் பிழை செய்யவில்லை. அவர் முன் ஒற்றைச் சொல் மட்டுமே இருந்தது. முதல் இடத்தை நினைத்துச் சரியாகவே எழுதியிருக்கிறார்.

இதற்குத் தீர்வு ஆசிரியர் கையில் இருந்தது. மூல நிரலில் அச்சொல் வரும் இடத்தில் 'இது எந்தச் சூழலில் வருகிறது' என்ற குறிப்பைச் சேர்த்தால் கோப்பில் இரண்டும் தனித்தனிப் பதிவுகளாகப் பிரியும். தமிழில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் வேண்டும் என்பதை விளக்கி எழுதினேன். தம் மொழியில் ஒரே சொல் போதுமாக இருந்ததால் இது தமக்குத் தோன்றவில்லை என்று ஆசிரியர் பதில் எழுதி, குறிப்பைச் சேர்த்துக் கொடுத்தார். 2024 ஏப்ரலில் என் திருத்தம் ஏற்கப்பட்டது. தமிழுக்காகப் பிரிக்கப்பட்ட அந்தப் பதிவு மற்ற மொழிக்காரர்களுக்கும் பயன்படும் என்பது கூடுதல் மகிழ்ச்சி.

மொழிபெயர்ப்பில் இறங்குவோருக்கு நான் கற்றவற்றில் சில:

1. செயலியை ஓடவிட்டு, சொல் வரும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள்.

2. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும். கோப்பின் பெயர் 'படம்' என்றால் 'படத்தை'. 'வீடு' என்றால் 'வீட்டை'. ஆனால் பெயர் எதுவாக வரும் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது. அந்த இடத்தில் ஒரு விழுக்காட்டுக் குறியும் ஓர் எழுத்தும்தான் இருக்கும். அதோடு 'ஐ' சேர்த்தால் 'படம்ஐ' என்று அவலமாக வரும். 'படம் என்ற கோப்பை அழிக்கவா?' என்று வாக்கியத்தை மாற்றி அமைத்தால் தொல்லை தீர்ந்தது. அந்தக் குறியை மட்டும் எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள், செயலியே நின்றுபோகலாம்.

3. ஏற்கெனவே மக்கள் பழகிய சொல் இருந்தால் புதிது புனைய வேண்டாம். கலைச்சொல் அழகாக இருப்பதைவிட, படிப்பவர் சரியான பொத்தானை அழுத்துவது முக்கியம்.

4. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே கொட்டி அனுப்பாதீர்கள். சூழல் தெரியாத மனிதர் செய்யும் பிழையையே அதுவும் செய்யும். அதிக வேகமாகச் செய்யும்.

வேறு என்ன செய்யலாம்?

மொழிபெயர்ப்பு ஒரு வாசல்தான். விளக்கக் குறிப்புகளில் பழையதாகிப் போனவற்றைத் திருத்தலாம். புதிய பதிப்பு வெளிவரும் முன் அதன் சோதனை வடிவத்தைத் தம் பழைய கணிப்பொறியில் நிறுவிப் பார்த்து, எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று எழுதலாம். பழைய கணிப்பொறி வைத்திருப்பதும் இங்கே ஒரு தகுதியே! பாராமுகமாகக் கிடக்கும் முறையீடுகளை எடுத்து, அந்தக் குறை இன்னும் இருக்கிறதா என்று சரிபார்த்துச் சொல்வதும் பெரிய தொண்டு.

நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்களுக்கு வேலை ஏராளம். லினக்ஸ் கருநிரலுக்கே பங்களிக்கலாம். அங்கே திருத்தங்கள் இன்றும் பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகவே அனுப்பப்படுகின்றன. எழுத்து நடையைச் சரிபார்க்கவும், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று கண்டறியவும் கருநிரலோடு சேர்ந்தே சிறு கருவிகள் வருகின்றன. 'இது என் சொந்த ஆக்கம் அல்லது தருவதற்கு எனக்கு உரிமை உண்டு' என்று உறுதி கூறும் கையொப்ப வரி ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் இருக்க வேண்டும். மாற்றங்களைக் கணக்கு வைக்கும் 'கிட்' என்ற கருவியை 2005இல் டோர்வால்ட்ஸே உருவாக்கினார். யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்பது அதில் என்றும் அழியாமல் இருக்கும். ஓர் ஓய்வு பெற்ற கணக்கர் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு ஒழுங்கான பதிவேட்டை நான் பார்த்ததில்லை. கிட்டை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் உதவும்.

எந்த வாசல் வழியாகப் போனாலும் மூன்று குணங்கள் வேண்டும். சிறியதில் தொடங்குவது, திருப்பி அனுப்பினால் மனம் கோணாமல் இருப்பது, காத்திருப்பது. பதில் வரத் தாமதமானால் இரண்டு வாரம் கழித்துப் பணிவாக நினைவூட்டலாம். அவர்களும் வீட்டு வேலை, ஆபீஸ் வேலைக்கு இடையில் செய்பவர்கள்தாம்.

கடைமடைக்கு வந்த தண்ணீர்

2024 ஏப்ரலில் ஏற்கப்பட்ட சொல் மறுநாளே அக்காவின் திரையில் வந்துவிடவில்லை. டெபியனில் புதியவை முதலில் 'சிட்' என்ற சோதனைக் களத்துக்கு வரும். அங்கே சில நாட்கள் தொல்லை இல்லாமல் இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகும். அங்கிருந்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, எல்லாம் உறைய வைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, நிலையான பதிப்பாக வெளிவரும். நிலையான பதிப்பில் பாதுகாப்புத் திருத்தங்களும் கடுமையான பிழைகளின் திருத்தங்களும் தவிர வேறெதையும் இடையில் புகுத்த மாட்டார்கள். அதனால்தான் அது ஆடாமல் நிற்கிறது.

2025 ஓண விடுமுறையில் நானும் தம்பி மகளும் வடசேரிக்குப் போனோம். அவள் மடிக்கணினியைப் புதிய பதிப்புக்கு மாற்றினாள். நான் ஒரு வெற்று நினைவட்டையில் நான்கைந்து வேண்டாத படங்களைப் போட்டுச் செருகினேன். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தேன். அதே கேள்வி வந்தது. கீழே "வைத்துக்கொள்", "அழித்துவிடு" என்று இரண்டு பொத்தான்கள்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "இப்போ சரி. இது முன்னாலேயே இப்படி இருந்திருக்கலாம்" என்றாள். பிறகு, "வேறே எங்கேயாவது இப்படி இருக்கா தம்பி?" என்று கேட்டாள்.

இருக்கிறது. நிறைய இருக்கிறது. அந்த ஒரு செயலியின் கோப்பிலேயே இன்னும் முப்பதுக்கு மேற்பட்ட வரிகள் தமிழ் இல்லாமல் வெறுமையாகக் கிடக்கின்றன. அக்காவும் நானும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் அவற்றைப் பேசி முடிவு செய்கிறோம். நான் ஆங்கிலத்தின் பொருளைச் சொல்வேன். தான் என்ன புரிந்துகொள்கிறாள் என்று அவள் சொல்வாள். இதுவரை பதினொரு வரிகள் முடிந்திருக்கின்றன. 70,000 தொகுப்புகள் உள்ள குளத்துக்கு இது ஒரு கூடை மண். நம் சங்கத்தில் தமிழ் நன்கு தெரிந்தவர்கள் பலர். ஓய்வு பெற்று நேரம் உள்ளவர்களும் பலர். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்தால் போதும்.